டான்யூப் கரையில் சங்ககிரி

எட்டு நாள் அவரோடு ஒரே அறையில் இருந்திருக்கிறேன். காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுவார், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் குறட்டை விடுவார், புடவையைவிடப் பேன்ட் எவ்வளவு சௌகரியம் என்று யார் யாரிடம் சொல்லுவார், எல்லாம் எனக்குத் தெரியும். அவருக்கு மறதி வந்துவிட்டதா இல்லையா என்பது மட்டும் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலையைத்தான் என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் டாலஸ் பக்கத்துத் தமிழர்கள் இருபத்திரண்டு பேர் சேர்ந்து ஐரோப்பாவில் ஆற்றுக் கப்பல் பயணம் போனோம். ஜெர்மனியில் பஸ்ஸாவ் என்ற ஊரில் ஏறி, டான்யூப் நதியோடு கிழக்கே போய், வழியில் உள்ள பழைய ஊர்களையெல்லாம் பார்த்துவிட்டு புடாபெஸ்ட்டில் இறங்க வேண்டும். வந்தவர்கள் அநேகமாக ரிடையர் ஆன தம்பதிகள். தனியாக வந்தது நானும் இந்த ஆன்ட்டியும்தான். கப்பலில் எல்லாமே இருவர் அறை என்பதால் பயணத்தை ஏற்பாடு செய்த அங்கிள் எங்கள் இருவரையும் ஒன்றாகப் போட்டுவிட்டார். அவர் பல் டாக்டராக இருந்தவர். யார் வாயைத் திறந்தாலும் உள்ளே எட்டிப் பார்ப்பது போலவே நிற்பார்.

ஆன்ட்டிக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. பூர்விகம் ஈரோட்டுப் பக்கம். டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்தார். கணவர் இறந்த பிறகும் அங்கேயே தனியாக இருந்துகொண்டு, தானே காரை ஓட்டிக்கொண்டு கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்துகொண்டிருந்தார். ஒரே மகன், அரை மணி நேரத் தொலைவில் ஃபிரிஸ்கோவில் புது வீடு கட்டியிருந்தான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்த மகன் எனக்கு போன் செய்தான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அம்மாவோட மெமரி கொஞ்சம் டவுட்டா இருக்கு. டாக்டர்கிட்ட வர மாட்டேங்கறாங்க. என் முன்னாடி ரொம்ப உஷாரா இருக்காங்க. நீங்க கூடவே இருக்கப் போறீங்க இல்ல, டெய்லி கொஞ்சம் வாட்ச் பண்ணி மெசேஜ் போடுங்க. ப்ராப்ளம் இருந்தா ரிச்சர்ட்சன் வீட்டை வித்துட்டு இங்க கூட்டிட்டு வந்துடுவேன். வீடு வித்துத் தர்ற ரியல்டர்கிட்டகூட பேசி வெச்சிருக்கேன்.”

“நான் என்ன டாக்டரா?”

“நீங்க டெஸ்டிங்லதானே அக்கா இருக்கீங்க? நீங்க சொல்றத வெச்சுத்தான் டிசைட் பண்ணப் போறேன்.”

உண்மைதான். இருபது வருடமாக மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒன்று பாஸ், இல்லையென்றால் ஃபெயில். நடுவில் ஒன்று இருப்பதாகச் சொல்கிற புரோகிராமர்களோடு சண்டை போட்டே தலை நரைத்தவள் நான். கொஞ்சம் பெருமையாகவும் இருந்ததால் சரி என்று சொல்லிவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்படித்தான்.

பஸ்ஸாவில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. கைடு பெண் எங்களை முனைக்குக் கூட்டிப்போய், ஒரு ஆறு கறுப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சை என்று காட்டினாள். எனக்கு மூன்றும் ஒரே கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆன்ட்டி கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் பார்த்தார்.

“கூடுதுறைதான். பவானியில மூணாவது ஆறு கண்ணுக்குத் தெரியாது, இங்க தெரியுது. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்று மாலைக்குள் இருபத்திரண்டு பேரும் பஸ்ஸாவைக் கூடுதுறை என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டோம். அதன் பிறகு ஆன்ட்டி ஒரு ஊரையும் அதன் பெயரால் சொல்லவில்லை. குன்றின்மேல் மஞ்சள் நிறத்தில் பிரம்மாண்டமாக மடம் இருக்கும் மெல்க் சென்னிமலை ஆனது. ஒரு காலத்தில் ராஜாவை அடைத்துவைத்த கோட்டை மலையுச்சியில் இடிந்து கிடக்கும் ட்யூர்ன்ஷ்டைன் சங்ககிரி ஆனது. வியன்னா, கோயமுத்தூர். “ஏனுங்க, கோயமுத்தூருக்கு எத்தன மணிக்குப் போய்ச் சேருவோம்?” என்று கப்பல் ரிசப்ஷனில் இருந்த ருமேனியாக்காரனிடமே கேட்டார். அவன் தலையை ஆட்டி, “மத்தியானம்” என்று ஆங்கிலத்தில் சொன்னான். எப்படிப் புரிந்ததோ.

ஊர் ஏக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஊரை நினைத்து ஏங்குகிறவர் இல்லை. ஈரோட்டுக்குப் போய்ப் பத்து வருடம் ஆகிறது, போகிற உத்தேசமும் இல்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தார். “அங்க போனா சொந்தக்காரங்க மூட்டு வலியைத்தான் கேக்கோணும்” என்றார். அப்படியானால் ஏன் இந்தப் பெயர்கள் என்று கேட்டேன்.

“ஆறே நின்ன எடத்துல நிக்காம ஓடுது. பேரு மட்டும் நிக்கோணுமா, அம்மிணி?”

இதை மகனுக்கு எப்படி எழுதுவது? மென்பொருளாக இருந்தால் பெயர் தப்பு, ஃபெயில் என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். ‘அம்மா செம ஜோக் அடிக்கிறாங்க’ என்று அனுப்பினேன். அவன் ஒரு சிரிப்புப் பொம்மையும், அதன் பின்னால் ‘ஆனா நேம்ஸ் ஞாபகம் இருக்கா?’ என்ற கேள்வியையும் அனுப்பினான். நான் அதற்குப் பதில் போடவில்லை.

அவன் என்னிடம் கவனிக்கச் சொன்னவற்றில் ஒன்று, சொன்ன கதையையே திரும்பச் சொல்கிறாரா என்பது. சொன்னார். கணவர் டெக்ஸாஸில் முதலில் வாங்கிய பழைய கார் ஃப்ரீவே நடுவில் நின்றுபோன கதையை மூன்று முறை சொன்னார். ஆனால் மூன்று முறையும் வேறு வேறு மேஜையில், வேறு வேறு ஆட்களிடம். மூன்று மேஜையிலும் நான் பக்கத்தில் இருந்தது என் தலைவிதி. அதை அவர் கணக்கில் எழுதுவது நியாயமா? கிழமை தெரிகிறதா என்பது இன்னொன்று. ஒரு நாள் காலை காபி குடிக்கும்போது சும்மா கேட்பது போல, “இன்னிக்கு என்ன கிழமை ஆன்ட்டி?” என்றேன்.

“நேத்து சங்ககிரி. அப்ப இன்னிக்கு வியாழன்.”

நான் புதன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்துப் பார்த்தேன். வியாழன்தான்.

மெல்க் மடத்தில் நடந்ததைக் கேளுங்கள். அறை அறையாகச் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் உள்ளே இருக்கும் சர்ச்சுக்குள் விடுகிறார்கள். வாசலில் ஆன்ட்டி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். தேவையில்லை மேடம் என்றான் கைடு. “சாமி இருக்குதில்ல?” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கழற்றியதைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான், பல் டாக்டர் மனைவி, இன்னும் ஐந்து பேர், மொத்தம் ஏழு பேர் அவரைப் பார்த்துக் கழற்றினோம். உள்ளே தங்கமாக மின்னியது. கும்பிட்டுவிட்டு, கைடின் பின்னாலேயே நடந்து வெளியே வந்தோம். வந்த பிறகுதான் தெரிந்தது, நுழைந்தது ஒரு வாசல், வெளியே வந்தது வேறு வாசல், திரும்பி உள்ளே விட மாட்டார்கள். எட்டு பேரும் சாக்ஸோடு கருங்கல் முற்றத்தில் நின்றோம். பஸ் கிளம்ப வேண்டிய நேரம்.

பல் டாக்டர் அங்கிளுக்குக் கோபம். “என்ன ஆன்ட்டி, எங்க விட்டோம்னு ஞாபகம் வேண்டாமா?” என்றார். அவரும் கிட்டத்தட்ட அதே வயதுதான், இருந்தாலும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்.

“எங்க விட்டேன்னு நல்லா ஞாபகம் இருக்குது. அந்த வாசல்ல விட்டேன். எந்தக் கோயில்ல சாமி பாத்துட்டு வேற வாசல்ல தள்ளி விடுவாங்க? செருப்ப விட்ட எடத்துக்கே வந்து எடுக்கற மாதிரிதானே கட்டோணும்?”

காவலாளி ஒருவர் எட்டு ஜோடியையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு மகனுக்கு எதை எழுதுவது? ஷூவை மறந்தார் என்றா? அப்படியானால் எழுதுகிற நானும் மறந்தவள்தானே.

வியன்னாவில்தான் பயந்துவிட்டேன். அங்கே கரையில் இடம் போதாமல் கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கட்டிவிடுகிறார்கள். எங்கள் கப்பல் நான்காவது. கரையிலிருந்து மூன்று கப்பல்களின் முன்கூடத்துக்குள் நுழைந்து வெளியேறித்தான் எங்களுடையதற்கு வர முடியும். நான்கு முன்கூடமும் ஒரே அச்சு: அதே கம்பளம், அதே பூச்சாடி, அதே மாதிரி சிரிக்கிற பெண். மதியம் ஊர் சுற்றிவிட்டு வந்தபோது ஆன்ட்டி என் முன்னால் நடந்து போனதைப் பார்த்தேன். அறைக்கு வந்தால் ஆளைக் காணோம். மேல்தளத்தில் இல்லை, சாப்பாட்டு அறையில் இல்லை, போனை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் தேடினேன். மகனுக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் முதலில் நினைத்தேன், அவருக்கு என்ன ஆயிற்று என்று பிறகுதான் நினைத்தேன். இதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது கப்பலில் இருந்தார். ஜன்னலோர மேஜையில் நான்கு ஜெர்மன் கிழவிகள் நடுவில் உட்கார்ந்து ஆப்பிள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிழவியின் மடியிலிருந்த நூல்கண்டை வாங்கிப் பின்னல் எப்படிப் போட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, இது நம்ம போட் இல்ல.”

“தெரியுமே. நம்ம போட்டுல எங்க திரும்புனாலும் ஐடி, கிரீன் கார்டு, யாரு வீட்டுப் பையன் எந்தக் காலேஜு. அதே பேச்சு. இங்க வந்தா பாஷை தெரியாது, நிம்மதியா இருக்குது. கேக் சாப்புடறயா?”

முகத்தையே பார்த்தேன். கண்ணில் கலக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் கேக் தட்டின் பக்கத்தில் அவருடைய கப்பல் அட்டை எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அறை எண் போட்ட அட்டை. தெரிந்தே வேறு கப்பலுக்கு வந்தவர் அதை எதற்கு வெளியே எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்? கேக் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அன்று மகனுக்கு மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். கடைசியில் ‘ஆல் குட்’ என்று மட்டும் போட்டேன்.

மறுநாளே எனக்கும் சரியான உதை கிடைத்தது. என் பாஸ்போர்ட்டைக் காணோம். பெட்டியைக் கவிழ்த்து, மெத்தையைத் தூக்கி, அழாத குறையாகத் தேடினேன். ஆன்ட்டி படுக்கையில் உட்கார்ந்து மாத்திரைப் பெட்டியில் அன்றைய கிழமைக் கட்டத்தைத் திறந்துகொண்டிருந்தார். எட்டு நாளில் ஒரு மாத்திரைகூடத் தப்பவிட்டதில்லை அவர்.

“மொத நாளே ரிசப்ஷன்ல எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்களே, அம்மிணி. எறங்கும்போதுதான் தருவாங்க.”

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஐம்பத்தொரு வயது சோதனை அதிகாரியின் லட்சணம் இது.

புடாபெஸ்ட்டில் கடைசி நாள் காலை. பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஆன்ட்டி துணி மடித்துக்கொண்டிருந்தார். என் போன் மேஜைமேல் கிடந்தது. நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது அவர் கையில் இருந்தது. திறந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. வெளித்திரையிலேயே மகனின் செய்தி தெரிந்தது: ‘அக்கா, ஃபைனலா சொல்லுங்க. அம்மா ஓகேவா? ரியல்டர் வெயிட்டிங்.’

கோபப்படுவார் என்று நினைத்தேன். போனை என்னிடம் கொடுத்துவிட்டு மடித்த துணியையே மறுபடியும் பிரித்து மடித்தார்.

“எட்டு நாளும் எழுதுனயா?”

“எழுதினேன் ஆன்ட்டி. ஸாரி.”

“என்ன எழுதுன?”

“நல்லா இருக்கீங்கன்னுதான்.”

“அது உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியலயே.”

அவர் ஜன்னலைக் காட்டினார். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஊர், நடுவில் பாலம்.

“இந்த ஊருக்கு என்ன பேரு சொன்னாங்க? இப்ப காலையில கைடு சொன்னான். எனக்கு வரல. எந்த ஊரு பேருமே வரல, அம்மிணி. கேட்டதும் போயிருது. அதனாலதான் நம்ம ஊரு பேரா வெச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுப்போட்டா அப்பறம் யாரும் கேக்க மாட்டாங்க பாரு.”

“புதுப் பேர் யாருக்குமே வராது ஆன்ட்டி. எனக்கே அந்தக் கோட்டை ஊர் பேர் வாயில நுழையல.”

“அதேதான். எது வயசு, எது நோவுன்னு யாரு சொல்றது? போன மாசம் எங்க தெருவுலயே காரை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். எல்லா வீடும் ஒண்ணாட்டவே இருந்துச்சு. பத்து நிமிஷம். அப்பறம் ரோஜாச் செடியைப் பாத்துத்தான் போனேன்.”

ஃபிரிஸ்கோவில் என் வீடு இருக்கும் தெருவில் நாற்பது வீடும் ஒரே மாதிரி. பக்கத்து வீட்டு கராஜின் முன் நின்று ரிமோட்டை அமுக்கோ அமுக்கு என்று அமுக்கியிருக்கிறேன். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நீ சொன்னா அவன் கேப்பான். நல்லா இருக்கேன்னு சொன்னா என்ற சொந்த வீட்டுல நான் இருப்பேன். இல்லைன்னு சொன்னா அவன் வீட்டுல ஒரு ரூமுல இருப்பேன். நல்ல பையன்தான், நல்லாப் பாத்துக்குவான். உனக்கு எது சரின்னு படுதோ அதைச் சொல்லு. என்ன சொன்னயின்னு நான் கேக்க மாட்டேன்.”

கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முன்னாலேயே தட்டினேன்: ‘ஆன்ட்டி ரொம்ப ஷார்ப். என் பாஸ்போர்ட் எங்க இருக்குன்னு அவங்கதான் சொன்னாங்க. மறதி எனக்குத்தான்.’ அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மொத்தமும் பொய்யா என்பதுதான் தெரியவில்லை. அவன் இரண்டு கைகூப்பும் படங்கள் அனுப்பினான். ரியல்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பிறகு எழுதினான்.

ஊருக்கு வந்து நான்காவது மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி மகன் போன் செய்தான். ஆன்ட்டி காலையில் கடைக்குப் போகிறேன் என்று அவனிடம் போனில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். கடை வீட்டிலிருந்து பத்து நிமிடம். நான்கு மணி நேரம் கழித்து அவர் போன் இருக்கும் இடம் ஹூஸ்டன் என்று காட்டியிருக்கிறது. இருநூற்று ஐம்பது மைல். அத்தனை லாரிகள் ஓடுகிற ஃப்ரீவேயில், மழையில், ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிக்கொண்டு போய், ஹில்கிராஃப்ட் தெருவில் இந்தியக் கடை ஒன்றின் முன் காரை நிறுத்திவிட்டு, மகன் போய்ச் சேரும்வரை அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தாராம்.

“கேட்டா, ஹூஸ்டன்ல வெத்தலை நல்லா இருக்கும், அதுக்குத்தான் போனேன்னு சொல்றாங்க அக்கா. பக்கத்து சீட்ல வெத்தலைக் கட்டு இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க எட்டு நாள் கூட இருந்தீங்களே. ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே.”

அவன் குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த மழையில் ஒரு லாரிக்காரன் லேசாகத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னொரு பக்கம், எழுபத்து மூன்று வயதில் மழையில் தனியாக ஹூஸ்டன் வரை ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு என்ன குறை என்றும் தோன்றியது. மதில்மேல் பூனைகூட ஒரு பக்கம் குதித்துவிடும். நான் இன்னும் மதில்மேலேயேதான் இருக்கிறேன்.

கார் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வசந்த காலத்தில் ரிச்சர்ட்சன் வீடு விற்றுப்போனது. எனக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்து நான் கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிரிஸ்கோ வீட்டுக்கு அவரைப் பார்க்கப் போனேன். கீழ்த்தளத்தில் நல்ல வெளிச்சமான அறை கொடுத்திருந்தார்கள். மகன் என்னை உட்கார வைத்துவிட்டு, “பேசிட்டிருங்க அக்கா” என்று மாடிக்குப் போனான். ஆன்ட்டி என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார், பெயர் சொல்லியே கூப்பிட்டார், நியூ ஜெர்சியில் குளிர் அதிகம் என்று எச்சரித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவன் காலடிச் சத்தம் மாடியில் கேட்ட பிறகு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அன்னிக்கு நான் வெத்தலை வாங்கத்தான் ஹூஸ்டன் போனேன். வழி தப்பிப் போகல. நீ நம்பற இல்ல?”

“நம்பறேன் ஆன்ட்டி” என்றேன். யோசிக்கவே இல்லை. அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“நானே நம்பல, அம்மிணி” என்றார்.